தாமதத்துக்கு வட்டி கட்டுவது யார்?

சிட்லபாக்கத்தில் நான் குடியிருக்கும் தெருவில் ஒரு அக்கா, ஏரிப் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மூன்று வீடுகளுக்கு வேலைக்குப் போகிறார். கணவர் பெயிண்டர், மழைக்காலம் வந்தால் வேலை கிடையாது. மகள் ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் பி.காம். படிக்கிறாள். போன வருடம் செமஸ்டர் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கட்டணம் கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்று சொல்லிவிட்டார்கள். “ஸ்காலர்ஷிப் அப்ளை பண்ணியிருக்கேன் சார், இன்னும் வரலை” என்றிருக்கிறாள். “வந்தா உன் அக்கவுண்டுக்குத்தானே வரும்? அப்ப நீயே எடுத்துக்கோ. இப்ப கட்டிடு” என்று பதில் வந்திருக்கிறது.

அக்கா 20,000 ரூபாயை மூணு வட்டிக்கு வாங்கிக் கட்டினார். மாதம் 600 ரூபாய். உதவித்தொகை வந்து சேர ஒன்பது மாதம் ஆனது. அதற்குள் 5,400 ரூபாய் வட்டிக்கே போய்விட்டது. வீட்டிலிருந்து போய்வந்து படிக்கும் கலை, அறிவியல் மாணவிக்கு, கட்டணம் போக, படிப்புச் செலவுக்கென்று இந்தத் திட்டம் ஆண்டுக்குத் தருவது 3,000 ரூபாய். அரசு கைச்செலவுக்குக் கொடுத்ததைவிட அரசின் தாமதம் பிடுங்கிக்கொண்டது அதிகம்.

கல்லூரி எழுத்தரைத் திட்டிவிட்டு இந்தக் கதையை முடித்துக்கொள்வது சுலபம். ஆனால் அவர் சொன்னதில் ஒன்று உண்மை. பணம் இப்போது அவள் கணக்குக்குத்தான் வரும். அந்த ஒரு மாற்றத்துக்குள் என்ன நடந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில், இது யாரும் மனமிரங்கிப் போட்ட காசு அல்ல. 1942-ல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர், பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து வைஸ்ராய் லின்லித்கோவிடம் ஒரு கோரிக்கை மனு கொடுத்தார். உயர்கல்விக்கு நிதி என்பது அதன் முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று. 1944-ல் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. நம் வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் முதல் பட்டமளிப்புப் படங்களில் பலவற்றுக்குப் பின்னால் இந்தத் திட்டம் இருக்கிறது.

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, 2012 செப்டம்பரில், தமிழ்நாடு அரசு அரசாணை 92-ஐ வெளியிட்டது. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்பது அதன் சாரம். கல்லூரி மாணவரிடம் கேட்கக் கூடாது. அரசிடம் வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாக் கல்லூரிகளும் இதை மதித்தன என்று சொல்லமாட்டேன். அந்த அரசாணையின் ஜெராக்ஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த தலைமுறை நாங்கள். ஆனால் முதல்வர் அறை வாசலில் நின்று நீட்டிச் சண்டை போட எங்களிடம் ஒரு காகிதமாவது இருந்தது. பணம் தாமதமானால் காத்திருக்க வேண்டியது கல்லூரி, நாங்கள் அல்ல என்று அது சொன்னது.

பணம் தாமதமாகத்தான் செய்தது. அன்றைய நிதிப் பகிர்வு விதிப்படி ஒரு குறிப்பிட்ட தொகை வரை மாநிலத்தின் பொறுப்பு, அதற்கு மேல் ஆவது ஒன்றிய அரசின் பொறுப்பு. அந்த மேல்தொகை ஆண்டுக்கணக்கில் வராமல், ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி என்று தமிழ்நாட்டு முதலமைச்சர்கள் பிரதமரிடம் முறையிட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை விதியை மாற்றியது. ஒன்றியம் 60, மாநிலம் 40 என்று பங்கு பிரிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய், அதில் ஒன்றியத்தின் பங்கு 35,534 கோடி என்று அறிவித்தார்கள். பழைய முறையோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம்தான். அதை மறுக்க வேண்டியதில்லை.

கூடவே இன்னொரு மாற்றமும் வந்தது. 2021-22 முதல் ஒன்றிய அரசின் பங்கு கல்லூரிக்குப் போகாது, நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவும் மாநிலம் தன் 40 சதவீதத்தைக் கொடுத்த பிறகுதான். இதற்குச் சொல்லப்பட்ட காரணம் பொய்யல்ல. 2012 முதல் 2017 வரை இந்தத் திட்டம் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் எப்படி நடந்தது என்று ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, தகுதியில்லாதவர்களுக்குப் போன பணத்தையும் தகுதியுள்ளவர்களுக்குப் போகாத பணத்தையும் பட்டியலிட்டது. தலித் மாணவர்களின் பெயரைக் காட்டிக் காசு பார்த்த கல்லூரி முதலாளிகள் இருந்தார்கள்.

திருடியவர்கள் கல்லூரி நடத்தியவர்கள். ஆனால் திருட்டைத் தடுக்க வந்த விதியின் பாரம் இறங்கியது படிக்க வந்தவர்கள் தலையில். முன்பு அரசு தாமதித்தால் கல்லூரியின் கணக்குப் புத்தகத்தில் பாக்கி என்று ஒரு வரி ஏறும். இப்போது அரசு தாமதித்தால் ஒரு தாயின் காதுத்தோடு அடகுக் கடைக்குப் போகிறது. தாமதம் அப்படியே இருக்கிறது. அதைச் சுமப்பவர்தான் மாறியிருக்கிறார்.

இதற்கு முன்னால் விண்ணப்பம் என்ற ஒரு தாண்டவம் உண்டு. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம். அங்கிருந்து கோப்பு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று நகர வேண்டும். தினக்கூலிக்காரர் எந்தச் சம்பளச் சீட்டைக் காட்டுவார்? பிறகு ஆதார் இணைப்பு. பணம் நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்கு வராது. கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டதோ அதற்குத்தான் போகும். பள்ளியில் திறந்த கணக்கு ஒன்று, கல்லூரியில் திறந்த கணக்கு ஒன்று என்று வைத்திருக்கும் பிள்ளைக்கு, பணம் எங்கே போனது என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆகிறது. கலந்தாய்வில் இடம் கிடைக்காமல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்திருந்தால் விண்ணப்பிக்கவே முடியாது. 2018 வழிகாட்டுதல்கள் அந்தக் கதவை அடைத்துவிட்டன.

எல்லாவற்றுக்கும் மேலே வருமான வரம்பு. ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய்; பத்தாண்டுகளுக்கு மேலாக அதே எண். மாதத்துக்கு 20,833 ரூபாய். இந்தப் பக்கம் ஒற்றை அறை வீட்டுக்கே வாடகை ஏழாயிரம் கேட்கிறார்கள். ஒரு நிறுவனத்தில் செக்யூரிட்டியாக இருக்கும் அப்பாவும் துப்புரவு வேலைக்குப் போகும் அம்மாவும் சேர்ந்து வாங்கும் சம்பளம் இந்தக் கோட்டைத் தாண்டிவிடும். தாண்டிய அன்றே அவர்கள் அரசின் கண்ணில் வசதியானவர்கள். அதே ஒன்றிய அரசு 2019-ல் பொருளாதாரத்தில் நலிந்த முற்பட்ட வகுப்பினருக்கு 10 சதவீத இடஒதுக்கீடு கொண்டுவந்தபோது நலிவுக்கு வைத்த எல்லை 8 லட்சம். அது இடஒதுக்கீடு, இது உதவித்தொகை, இரண்டும் வேறு என்பார்கள். இருக்கட்டும். ஏழை யார் என்ற கேள்விக்கு ஒரே அரசிடம் சாதிக்கொரு பதில் இருப்பது எப்படி?

தாமதத்துக்கு விலை உண்டு என்பது அரசுக்குத் தெரியாததல்ல. வருமான வரி கூடுதலாகக் கட்டியவருக்குத் திருப்பித் தரும் தொகை தாமதமானால் மாதத்துக்கு அரை சதவீதம் வட்டி தருகிறது. நூறு நாள் வேலைச் சட்டத்தில்கூட, கூலி 15 நாளைத் தாண்டினால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு என்று எழுதியிருந்தார்கள். உதவித்தொகை விஷயத்தில் மட்டும் கெடு ஒரு பக்கத்துக்குத்தான். மாணவர் ஒரு நாள் தவறினால் விண்ணப்பம் மூடிவிடும். அரசு ஒன்பது மாதம் தவறினால் ஒரு குறுஞ்செய்திகூட வராது. 2024-ல் உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகரைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், 17,500 ரூபாயைக் கெடுவுக்குள் கட்ட முடியாமல் தன்பாத் ஐ.ஐ.டி. இடத்தை இழந்தார். அதை மீட்க அந்தத் தலித் மாணவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. எல்லோராலும் அவ்வளவு தூரம் போக முடியுமா?

ரோகித் வெமுலாவை நாம் ஆண்டுதோறும் ஜனவரி 17 அன்று நினைவுகூர்கிறோம். அவர் விட்டுச்சென்ற கடிதத்தின் கடைசிப் பகுதியில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏழு மாத உதவித்தொகை, ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய், தனக்கு வரவேண்டியிருக்கிறது என்கிறார். அதிலிருந்து ஒரு நண்பருக்குத் தான் தர வேண்டிய கடனையும் குறிப்பிடுகிறார். நாம் அந்தக் கடிதத்தின் நட்சத்திரங்களைப் பேசினோம். இந்தக் கணக்கைப் போதுமான அளவு பேசவில்லை. வராத உதவித்தொகைக்கும் வாங்கிய கடனுக்கும் நடுவில்தான் நம் பிள்ளைகளின் படிப்பு நடக்கிறது.

என்ன கேட்க வேண்டும்? புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2021 வழிகாட்டுதல்களிலேயே ‘ஃப்ரீஷிப் கார்டு’ என்று ஒன்று இருக்கிறது. தகுதியுள்ள மாணவருக்கு மாநில அரசு அதை வழங்கினால், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் முன்கூட்டிக் கட்டாமலே அவர் சேரலாம்; உதவித்தொகை வந்தபின் கட்டினால் போதும். இந்தப் பகுதியில் நான் கேட்ட பிள்ளைகளில் ஒருவரும் அந்த அட்டையைக் கண்ணால் பார்த்ததில்லை. அது சேர்க்கைக் கடிதத்தோடு எல்லோர் கைக்கும் வர வேண்டும். அதைக் காட்டிய பிறகும் ஹால் டிக்கெட்டை நிறுத்தும் கல்லூரி மீது நடவடிக்கை வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே சொல்லிவிட்டது. அதையும் அமல்படுத்த வேண்டும். ஒன்றிய அரசு வருமான வரம்பை 8 லட்சமாக உயர்த்த வேண்டும். குறித்த தேதிக்குள் பணம் வராவிட்டால், வருமான வரி கட்டுகிறவருக்குக் கொடுப்பதுபோல இந்த மாணவர்களுக்கும் வட்டியோடு கொடுக்க வேண்டும்.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், 7.5 சதவீத ஒதுக்கீடு என்று தமிழ்நாடு அரசு செய்திருப்பவை உண்மையிலேயே பெரிய விஷயங்கள். இவ்வளவு செய்யத் தெரிந்த அரசுக்கு, ஒன்றியத்தின் பங்கு வரும்வரை மாணவரிடம் கை நீட்டாதே என்று கல்லூரிகளுக்கு உத்தரவிடுவது முடியாத காரியமல்ல. சமூக நீதி பேசும் மாநிலத்திடம்தான் இதை உரிமையோடு கேட்க முடியும், கேட்கவும் வேண்டும்.

தோழர்களே, அதுவரை நம்மால் ஆனதையும் செய்வோம். எங்கள் தெருவில் மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு லேப்டாப்போடு உட்காருகிறோம். ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வதும், வருமானச் சான்றுக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பதும்தான் வேலை. ஃப்ரீஷிப் கார்டு கேட்டு மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு மனு எழுதவும் உதவுகிறோம். முதல் மனுவை எழுதியது அந்த பி.காம். மாணவிதான். அவள் இந்த ஆண்டு மூன்றாம் ஆண்டுக்குப் போகிறாள். அவள் அம்மா அசலில் இன்னும் 4,000 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறார்.