மின்மாற்றிக்கு இரண்டு வாசல்கள்



பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் தெருவோரத்தில் நிற்கும் மின்மாற்றியை நாள்தோறும் காண்கிறோம். அதனுள் சுழலும் சக்கரமோ எரியும் அடுப்போ இல்லை. மெல்லிய இரைச்சல் மட்டுமே கேட்கிறது. ஆயினும், 11,000 வோல்ட் அழுத்தத்தில் வரும் மின்சாரத்தை அது இல்லங்களுக்கேற்ற 230 வோல்ட்டாகக் குறைத்துத் தருகிறது. எவ்வாறு?

1831 ஆகஸ்டு 29 அன்று இலண்டனில் மைக்கேல் பாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைத் தனித்தனியே சுற்றி ஆராய்ந்தார். முதற் சுருளில் மின்னோட்டத்தைத் தொடங்கியபோதும் நிறுத்தியபோதும் மட்டுமே மற்றச் சுருளோடு இணைத்த கம்பியின் அருகே வைத்த காந்த முள் அசைந்தது. மின்னோட்டம் சீராக ஓடியபோது அது அசையவில்லை. காந்தப்புலம் இருந்தால் மட்டும் போதாது, அது மாறவேண்டும். மாறினால்தான் மற்றச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். இதுவே மின்காந்தத் தூண்டல்.

வழுதூர் எரிவாயு மின்நிலையத்தில் சுழலும் காந்தம் மின்சாரத்தை எழுப்புவதும் இவ்விதியால்தான். கமுதியில் 2016-இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தில் காந்தம் எதுவும் சுழல்வதில்லை; அங்குப் பிறப்பது நேர்திசை மின்னோட்டம். அதனையும் மாறுதிசை மின்னோட்டமாக்கிய பின்னரே மின்மாற்றியால் அழுத்தத்தை உயர்த்தித் தொலைவிடங்களுக்கு அனுப்புகின்றனர்.

சுருள்களிலுள்ள சுற்றுகளின் எண்ணிக்கைக்கேற்ப அழுத்தம் கூடும் அல்லது குறையும். உயர் அழுத்தம் ஒருபுறம் நுழைந்தால் மறுபுறம் குறைந்து வரும். குறைந்த அழுத்தம் மறுபுறம் நுழைந்தால் உயர்ந்து வரும். நாம் அஞ்சவேண்டியது இங்கேதான்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் பறிகொடுத்த கரை நம்முடையது. புயலில் மின்சாரம் நின்றதும், சிறு ஜெனரேட்டரை இயக்கி அதன் கம்பியைச் சுவர்ப் பிளக்கில் செருகிவிடுவோர் உண்டு. மெயின் சுவிட்சு அணைக்கப்படாவிடில் அம்மின்சாரம் தெருக்கம்பி வழியே மின்மாற்றியை அடையும். அங்கே 11,000 வோல்ட் வரையிலும் உயரக்கூடும். மின்சாரம் இல்லையென நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளியின் உயிர் அக்கணமே போய்விடலாம்.

ஆகவே ஜெனரேட்டர் வாங்குவோர், வெளிமின்சாரமும் ஜெனரேட்டரும் ஒருபோதும் சேராதபடி தடுக்கும் மாற்றுச் சுவிட்சை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்துங்கள். அதுவரை, வேண்டிய விளக்கையும் விசிறியையும் ஜெனரேட்டரிலேயே நேரடியாக இணைத்துக்கொள்ளுங்கள். நம் இல்லத்தில் விளக்கெரிய, நமக்காக மழையில் உழைப்பவரின் இல்லம் இருளலாகாது.