மீசைக்கு அப்பால் விமானி

2019 பிப்ரவரி 27 அன்று மிக்-21 பைசன் விமானத்திலிருந்து பாராசூட்டில் இறங்கிப் பாகிஸ்தானிடம் சிக்கிய விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான், மார்ச் 1 இரவு வாகா வழியே தாயகம் திரும்பினார். அவரைப் பற்றி எழுதியவர்கள் அவருடைய மீசைக்குக் கொடுத்த இடம் பெரிது. சலூன்களில் பலர் ‘அபிநந்தன் மீசை’ கேட்டு வைத்துக்கொண்டார்கள்.

ஊர் எல்லைக் கருப்பசாமிக்கு முறுக்கு மீசை வைத்துக் கும்பிடும் மதுரைச் சீமையில் இதில் வியப்பில்லை. ஆனால் இவ்விதழின் வாசகர்களான இலக்கிய ஆய்வாளர்களும் செய்தியாளர்களும் மீசையோடு நின்றுவிட முடியாது.

பாகிஸ்தான் வெளியிட்ட காணொளிகளில் அவர் பெயரையும் சேவை எண்ணையும் சொன்னார். எந்த விமானம், என்ன பணி என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லவில்லை. பெயர், பதவி, பிறந்த தேதி, சேவை எண்: 1949 மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 17ஆம் பிரிவுப்படி போர்க்கைதி சொல்ல வேண்டியவை இவ்வளவே. அங்கே தெரிந்தது பயிற்சி தந்த நிதானம். கொடுத்த தேநீரைக் குடித்தார்; நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

புறநானூற்றின் 74ஆம் பாட்டு இதற்கு நேர் எதிரான கைதியைக் காட்டுகிறது. சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை, கேட்ட தண்ணீர் தாமதித்து வந்ததால் அதைக் குடிக்காமலே மாண்டான் என்கிறது பாட்டின் குறிப்பு. மானத்துக்கு அவனை அளவுகோலாக்கினால் தேநீர்க் கோப்பை இழுக்காகிவிடும். விமானிக்கோ பிழைத்துத் திரும்புவதும் கடமைதான். தவிரவும், சிறைபிடித்தவர்கள் எடுத்த படத்தை வைத்து ஒருவரின் வீரத்தை எடைபோடுவது முறையல்ல. கைதியை வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது என்கிறது அதே உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு.

மதுரையில் பிறந்த மணிரத்னம் 2017இல் எடுத்த ‘காற்று வெளியிடை’ படம், மீசையில் வீரத்தைக் காணும் ஆண்மையைக் கொஞ்சம் கேள்வி கேட்டது. கார்கில் போரில் பிடிபடும் விமானி வருண், அதற்கு முன் காதலியை அடக்கி அவமதித்தவன். ராவல்பிண்டிச் சிறையில்தான் தன்னையே திரும்பிப் பார்க்கிறான். அபிநந்தனின் தந்தை ஏர் மார்ஷல் வர்த்தமான் அப்படத்துக்கு ஆலோசகராக இருந்தவர்.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை, பறக்க மறுத்த விமானிகளில் பலரை ‘மன உறுதி அற்றவர்’ என்று வகைப்படுத்தி ஒதுக்கியது. பயத்தைப் பற்றிப் பேசுவதே ஆண்மைக் குறைவாகிவிட்ட காலம் அது. 2016 ஜூனில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் என்ற மூன்று பெண்கள் இந்தியப் போர்விமானிகள் ஆனார்கள். மீசை வர்ணனையில் இவர்களுக்கு இடம் ஏது?

போர்விமானிகளின் கதை மதுரைக்கும் அந்நியமல்ல; மதுரை விமானத்தளமே 1942இல் போருக்காக எழுந்தது. விமானிகளைப் பற்றி அடுத்து எழுத வருபவர்கள் பயம், களைப்பு, பயிற்சி, விமானத்தைப் பழுதுபார்க்கும் தரைப்பணியாளர்கள் ஆகியவற்றுக்கும் பத்தி ஒதுக்க வேண்டும். அத்தகைய கட்டுரைகளுக்கு இவ்விதழ் முன்னுரிமை தரும்.