லாபக் கணக்கு மட்டும் போதாது

நிறுவனங்களின் ஆண்டறிக்கையைக் கையில் எடுப்போர் முதலில் தேடுவது நிகர லாபத்தை. அப்பழக்கத்தின் ஆபத்தைச் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் விவகாரம் உணர்த்தியது.

2009 ஜனவரி 7-ஆம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, 2008 செப்டம்பர் இறுதியில் ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டப்பட்ட தொகை ரூ. 5,361 கோடி. அதில் ரூ. 5,040 கோடி இல்லவே இல்லை. அந்தக் காலாண்டில் 24 சதவீதமாகக் காட்டப்பட்ட செயல்பாட்டு லாபம், உண்மையில் 3 சதவீதம்தான்.

தேய்மானம், வாராக் கடன் ஒதுக்கீடு போன்ற மதிப்பீடுகளைச் சார்ந்தது லாபம். எனவே, அதை ரொக்க வரவு-செலவு அறிக்கையுடன் ஒப்பிட வேண்டும். விற்பனை உயர்ந்தும் வசூல் உயரவில்லையெனில், காரணம் கேட்க வேண்டும். கடைசிப் பக்கங்களில் உள்ள கணக்குக் குறிப்புகளும், தணிக்கையாளரின் கருத்தும் முதலில் படிக்கத் தக்கவை.

ஆயினும், போலி வங்கிச் சான்றுகளை வாசகரால் கண்டறிய இயலாது. அது தணிக்கையாளரின் கடமை. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்கள் தணிக்கையாளரைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் மாற்றுவதைக் கட்டாயமாக்கியது. தணிக்கையாளர்களைக் கண்காணிக்கும் தேசிய நிதி அறிக்கை ஆணையம் 2018-இல் அமைந்தது.

சட்டம் இயற்றியதோடு நாடாளுமன்றத்தின் பொறுப்பு முடிந்துவிடவில்லை. மத்திய அரசு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள், தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் கருத்துரைகளுடன் இரு அவைகளிலும் தாக்கல் செய்யப்படுகின்றன. அந்நிறுவனங்களில் இருப்பது மக்கள் பணம். உறுப்பினர்கள் அவற்றைப் படித்துக் கேள்வி எழுப்பாவிடில், தாக்கல் என்பது வெறும் சடங்காகவே முடியும்.