காரை மாற்றியமைத்தால் குற்றம்: சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத வேகம்

புது தில்லி: கேரளத்தின் மட்டாஞ்சேரி வட்டாரத்தில் பதிவாகும் வாகனங்களுக்கு "கே.எல். 43" என்பது அடையாளம். மிளகும் சுக்கும் மணக்கும் அந்தப் பழைய துறைமுகப் பகுதியின் சந்துகளில், அந்த எண்ணைத் தாங்கிய ஒரு டர்போ காரின் உரிமையாளர் தன் வீட்டு வாசலிலேயே ஒரு மடிக்கணினியையும் கம்பியையும் இணைத்து, சிறிது நேரத்திலேயே என்ஜினின் திறனைக் கூட்டிக்கொள்ள முடியும். வெளித் தோற்றத்தில் ஓர் அணுவும் மாறாது. போக்குவரத்து ஆய்வாளர் எத்தனை முறை சுற்றிவந்து பார்த்தாலும் அவருக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அகலமான டயரும் அதிரும் சைலன்சரும் பொருத்தியிருந்தால், முதல் சோதனைச் சாவடியிலேயே அகப்பட்டுக்கொள்வார். இருவருமே சட்டத்தை மீறியவர்கள்தான். ஆனால் அபராதச் சீட்டு ஒருவருக்கு மட்டுமே வருகிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு நாடு முழுவதும் எப்படிச் செயல்படுகிறது என்பதற்கு இது ஒரு சிறு உதாரணம். இந்தப் பிரிவு குறித்த மிக முக்கியமான வழக்கு கேரளத்திலிருந்துதான் தில்லிக்கு வந்தது.

உச்ச நீதிமன்றம் வரைந்த கோடு

1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 52-வது பிரிவு முதலில் இவ்வளவு கடுமையாக இருக்கவில்லை. பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, அவருடைய ஒப்புதலைப் பெற்று மாற்றம் செய்ய அதில் வழியிருந்தது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மாற்றியது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக ஆகும்படி எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றக் கூடாது என்று அது கூறியது. அதிகாரி இருந்த இடத்தில் உற்பத்தியாளர் வந்து அமர்ந்தார்.

ஆயினும் கேரள மாநில மோட்டார் வாகன விதிகளுக்கு உள்பட்டுக் கட்டமைப்பு மாற்றங்களை அனுமதிக்கலாம் என்று கேரள உயர் நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. அதை எதிர்த்து அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2019 ஜனவரி 9-ஆம் தேதி உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. மாநில விதிகள் மத்தியச் சட்டத்துக்கு மேற்பட்டவை அல்ல. உற்பத்தியாளர் குறிப்பிட்ட மூல விவரங்களைத் தொடக் கூடாது என்பதே தீர்ப்பின் சாரம். நிறம் மாற்றுவது, சிறு பொருள்களைப் பொருத்துவது போன்றவற்றுக்கு விதிகளின்படி இடமுண்டு. எரிபொருளை மாற்றும் கருவிகளுக்கும், அதே வகை என்ஜினை மாற்றிக்கொள்வதற்கும் வழியுண்டு. மற்றவற்றுக்குக் கதவு மூடப்பட்டது.

அதே ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் கதவுக்குப் பூட்டும் போட்டது. புதிதாகச் சேர்க்கப்பட்ட 182-ஏ பிரிவின்படி, அனுமதியின்றி மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். சைலன்சருக்கு ஐயாயிரம், சக்கரத்துக்கு ஐயாயிரம், விளக்குக்கு ஐயாயிரம் என்று கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

உற்பத்தியாளரின் யோக்கியதை

சட்டம் உற்பத்தியாளரின் சொல்லையே உரைகல்லாக வைத்திருக்கிறது. அந்த உரைகல் எவ்வளவு தூயது?

ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம், சோதனைக் கூடத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளைத் தன் டீசல் கார்களில் பொருத்தியிருந்தது 2015-இல் அமெரிக்காவில் அம்பலமானது. இந்தியாவிலும் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக அந்நிறுவனம் அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் அதற்கு ரூ. 500 கோடி அபராதம் விதித்தது. அந்த ஆண்டு மே மாதம், நிறுவனத்தின் மீது கட்டாய நடவடிக்கை எடுக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. உற்பத்தியாளரின் விவரங்களே இறுதியானவை என்று தில்லியில் தீர்ப்பு வெளியான இரண்டு மாதங்களுக்குள், அதே தில்லியில் ஓர் உற்பத்தியாளர் மென்பொருளால் ஏமாற்றியதற்கு அபராதம் விதிக்கப்பட்டது ஒரு விநோதமான ஒற்றுமை.

இதற்காக மட்டாஞ்சேரி இளைஞர் தன் காரின் மென்பொருளைத் திருத்தியதை நியாயப்படுத்திவிட முடியாது. அவர் என்ன செய்கிறார் என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. நவீன காரின் என்ஜினை ஆள்வது "இசியு" எனப்படும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி. எவ்வளவு எரிபொருளைப் பீய்ச்ச வேண்டும், எந்தக் கணத்தில் தீப்பொறி தட்ட வேண்டும், டர்போ எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் திணிக்க வேண்டும் என்பதற்கெல்லாம் அதில் அட்டவணைகள் உண்டு. தரமற்ற பெட்ரோலும் கடும் வெயிலும் அலட்சியமான பராமரிப்பும் நேர்ந்தாலும் என்ஜின் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதற்காக, உற்பத்தியாளர் அவற்றில் கணிசமான இடைவெளி விட்டு வைக்கிறார். "ரீமேப்" செய்பவர் அந்த இடைவெளியைத்தான் எடுத்துச் சக்தியாக மாற்றுகிறார்.

எடுத்த இடைவெளிக்கு விலை உண்டு. கூடுதல் முறுக்குவிசையை முதலில் உணர்வது கிளட்ச். அடுத்து டர்போவும் பிஸ்டனும் கூடுதல் வெப்பத்தைச் சுமக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, பிரேக் பழைய பிரேக்காகவே இருக்கிறது. கைதேர்ந்த மெக்கானிக்குகள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்யச் சொல்வார்கள்: முதலில் டயர், பிறகு பிரேக், பிறகு சஸ்பென்ஷன், கடைசியில்தான் என்ஜின். சக்கரங்களை உருளைமேல் சுழலவிட்டுத் திறனை அளக்கும் "டைனோ" இயந்திரத்தில் ஏற்றிப் பார்க்காமல் எந்தத் திருத்தத்தையும் நம்பக் கூடாது என்பார்கள். வீட்டு வாசலில் டைனோ கிடையாது. இணையத்தில் இறக்கிய கோப்பு ஒன்றும், நண்பரின் உறுதிமொழியும் மட்டுமே இருக்கும். மழைக்காலத்தில் நனைந்த குறுகிய தெருவில் அந்தக் கோப்பைச் சோதித்துப் பார்ப்பவர் அவர் மட்டுமல்லர். எதிரே சைக்கிளில் வருபவரும்தான்.

சட்டத்தின் முரண்பாடு வேறிடத்தில் இருக்கிறது. நல்ல டயரும் நல்ல பிரேக்கும் போட்டவரின் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். பழைய பிரேக்கை வைத்துக்கொண்டு மென்பொருளை மட்டும் முறுக்கியவரின் மாற்றம் தெரியாது. ஆபத்து அதிகமானவரைச் சட்டம் தப்பவிட்டு, குறைவானவரைப் பிடிக்கிறது. புகைப் பரிசோதனையிலும் இது சிக்குவது அரிது. பெட்ரோல் காரில் என்ஜின் சும்மா ஓடும்போது வெளிவரும் வாயுக்களையும், டீசல் காரில் புகையின் அடர்த்தியையும்தான் அங்கு அளக்கிறார்கள்.

வடக்கஞ்சேரியின் நிழல்

கேரளத்தில் இந்த விவகாரம் இவ்வளவு சூடாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2022 அக்டோபர் 5-ஆம் தேதி இரவு, எர்ணாகுளம் மாவட்டம் முளந்துருத்தி அருகேயுள்ள ஒரு பள்ளியிலிருந்து உதகமண்டலத்துக்குச் சுற்றுலா சென்ற பேருந்து, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் அரசுப் பேருந்தின் பின்புறம் மோதியது. மாணவர்கள் ஐவர், ஆசிரியர் ஒருவர், அரசுப் பேருந்தின் பயணிகள் மூவர் என ஒன்பது பேர் இறந்தனர். விபத்தின்போது சுற்றுலாப் பேருந்தின் வேகம் மணிக்கு 97 கிலோமீட்டருக்கு மேல் இருந்ததும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் கைவைக்கப்பட்டிருந்ததும் விசாரணையில் தெரியவந்தன. அந்தப் பேருந்து ஏற்கெனவே போக்குவரத்துத் துறையின் கறுப்புப் பட்டியலில் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சிந்திக்க வைப்பது. ஒப்பந்தப் பேருந்துகள் அனைத்தும் வெள்ளை நிறத்துக்கு மாற வேண்டும் என்ற உத்தரவு தீவிரமாக அமல்படுத்தப்பட்டது. வண்ண விளக்குகளும் ஒலிபெருக்கிகளும் கழற்றப்பட்டன. இவை தேவையற்றவை என்று சொல்வதற்கில்லை. ஓட்டுநரின் கவனத்தைச் சிதறடிக்கும் விளக்குகள் ஆபத்தானவையே. ஆனால் அந்த ஒன்பது பேரின் மரணத்துக்கு வண்ணம் காரணமல்ல. கைவைக்கப்பட்ட கருவியும், கறுப்புப் பட்டியலில் இருந்தும் ஓடிய வாகனமும்தான் காரணம். பூச்சை மாற்றுவது எளிது. கருவியைச் சோதிக்க ஆளும் இயந்திரமும் வேண்டும்.

பேருந்துகளில் தொடங்கிய கெடுபிடி விரைவில் கார்களுக்கும் வந்தது. அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2021 ஆகஸ்டில், மாற்றியமைத்த வேனில் ஊர் சுற்றி விடியோ வெளியிட்டுவந்த இரு சகோதரர்கள் கண்ணூர் போக்குவரத்து அலுவலகத்தில் நடந்த தகராறில் கைதானார்கள். அவர்களுக்கு ஆதரவாகத் திரண்ட இளைஞர் கூட்டத்தைக் கண்டு அரசியல் கட்சிகளே திகைத்தன. 2024-இல் ஆலப்புழையில் ஒரு விடியோ பதிவர் தன் காருக்குள் தண்ணீர் நிரப்பி நீச்சல் குளமாக்கி, அப்படியே சாலையில் ஓட்டினார். அதையடுத்து, இத்தகைய வாகனங்கள் மீதும் அவற்றை விளம்பரப்படுத்துவோர் மீதும் நடவடிக்கை எடுக்குமாறு கேரள உயர் நீதிமன்றம் கண்டிப்புடன் உத்தரவிட்டது. காரில் குளம் கட்டியவருக்கும், காரின் பிரேக்கை மேம்படுத்தியவருக்கும் ஒரே பிரிவுதான் பொருந்தும் என்பது நம் சட்டத்தின் விந்தை.

கோவை கற்றுத்தரும் பாடம்

தமிழகத்துக்கு இந்த விஷயத்தில் தனி வரலாறு உண்டு. கோவையைச் சேர்ந்த கரிவரதன், எண்பதுகளின் பிற்பகுதியில் மாருதி 800 காரின் என்ஜினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்ற பந்தய வாகனத்தை உருவாக்கினார். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அந்த வாகனத்தைத்தான். பட்டறைக் கைவண்ணம் ஒழுங்கான பாதையைக் கண்டால் எங்கு போய்ச் சேரும் என்பதற்கு அது சான்று. கரிவரதனின் பெயர் தாங்கிய பந்தயப் பாதை கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் இருக்கிறது. கொச்சி இளைஞர்கள் அங்கு வர ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். அந்த வழியில்தான் வடக்கஞ்சேரியும் இருக்கிறது.

அதே கோவையின் ஜேயெம் நிறுவனமும் டாடா மோட்டார்ஸும் கூட்டு சேர்ந்து 2018 அக்டோபரில் டியாகோ, டிகோர் கார்களின் வேக வடிவங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. 114 குதிரைத் திறன் கொண்ட டர்போ என்ஜின், தாழ்த்தப்பட்ட சஸ்பென்ஷன், அகலமான டயர், மாற்றப்பட்ட புகைபோக்கி ஆகியவை அவற்றில் இருந்தன. வீட்டுக் கொட்டகைகளில் இளைஞர்கள் செய்ய ஆசைப்படும் அத்தனையும் அந்தப் பட்டியலில் உள்ளன. இங்கே அவை சோதனைக்கு உள்படுத்தப்பட்டு, சான்று பெற்று, உத்தரவாதத்துடன் வந்தன. 2020-இல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்ததையொட்டி அந்தக் கார்களின் தயாரிப்பு நின்றுபோனது. சில லட்சம் ரூபாயில் சட்டப்படியான வேகக் கார் வாங்கும் வாய்ப்பும் அத்துடன் சுருங்கியது.

பணமுள்ளவருக்கு இந்தச் சிக்கலே இல்லை. ஐந்நூறு குதிரைத் திறனுள்ள வெளிநாட்டுக் காரைக் காட்சியறையிலேயே வாங்கிவிடலாம். உற்பத்தியாளரின் விவரப்படியே அது அவ்வளவு வேகம் போகும். புணேயில் 2024 மே 19-ஆம் தேதி அதிகாலை இரு மென்பொருள் பொறியாளர்களின் உயிரைப் பறித்த போர்ஷே கார், எவரும் பட்டறையில் முறுக்கிவிட்ட கார் அல்ல. அது பதிவே செய்யப்படாமல், 17 வயதுச் சிறுவனின் கையில் இருந்தது.

மத்திய அரசின் கையிலுள்ள திறவுகோல்

மோட்டார் வாகனங்கள் பொதுப் பட்டியலில் உள்ள விஷயம். ஆனால் 2019 தீர்ப்புக்குப் பிறகு, மாற்றியமைப்பில் மாநிலங்கள் தனியாகத் தளர்வு காட்ட இடமில்லை. முடிவு தில்லியில்தான் எடுக்கப்பட வேண்டும். அதற்கான அதிகாரமும் சட்டத்திலேயே இருக்கிறது. தண்டனையைக் கூட்டிய அதே திருத்தச் சட்டம் 52-வது பிரிவில் ஒரு நிபந்தனை வாசகத்தையும் சேர்த்தது. மாற்றியமைப்புக்கான தரங்களையும் ஒப்புதல் நிபந்தனைகளையும் மத்திய அரசு வகுக்கலாம். அப்படி வகுத்தால், அந்த மாற்றத்தைக் காரணம் காட்டி உற்பத்தியாளர் தன் உத்தரவாதத்தை ரத்து செய்ய முடியாது என்பதே அது. மாற்றுத்திறனாளிகளுக்கேற்ப வாகனத்தை அமைத்துவிட்டுப் பின்னர் ஒப்புதல் பெறவும் அதே திருத்தம் வழிசெய்தது. இயற்கை எரிவாயு, மின்சாரக் கருவிகளைப் பொருத்தவும் விதிகள் உள்ளன. பிரேக், சஸ்பென்ஷன், என்ஜின் மென்பொருள் ஆகியவற்றுக்கு மட்டும் அப்படி எதுவும் வரவில்லை.

ஜெர்மனியில் இது புதிதல்ல. அங்கு சான்று பெற்ற உதிரிபாகத்தைப் பொருத்தி, டி.யு.வி. போன்ற சோதனை அமைப்பிடம் வாகனத்தைக் காட்டி, ஆவணத்தில் பதிந்துகொள்ளலாம். சான்றில்லாத பாகத்துடன் ஓடினால் வாகனத்தின் அனுமதியே போய்விடும். மாற்றியமைப்பவர் அங்கு அதிகாரியைத் தேடிச் செல்கிறார்; இங்கே ஒளிகிறார். புணேயிலும் மானேசரிலும் சென்னையை அடுத்த ஒரகடத்திலும் நம்மிடம் வாகனச் சோதனை மையங்கள் உள்ளன. வட்டார அலுவலகங்களில் டைனோ வைப்பது செலவு பிடிக்கும் என்ற வாதம் சரியே. கட்டணம் கட்ட மாற்றியமைப்பவர்கள் தயங்கமாட்டார்கள். ஒரு சைலன்சருக்கு அவர்கள் செலவிடும் தொகையைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

சட்டத்தின் சொற்கள் எவ்வளவு இறுக்கமானவையானாலும் விதிகளின் மூலம் இளகும் என்பதற்குக் கேரளமே உதாரணம் தந்திருக்கிறது. கார் கண்ணாடிகளில் படலம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-இல் தடை செய்தது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய விதித் திருத்தம் பாதுகாப்புக் கண்ணாடிக்குரிய தரத்தில் படலத்தையும் சேர்த்தது. அதன்படி, முன்னும் பின்னும் 70 சதவீதமும் பக்கங்களில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவினால் படலம் ஒட்டியதற்காக அபராதம் விதிக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. ஒளியை அளக்க ஒரு சிறு கருவி போதும். அதற்கு மட்டும் விதி வந்துவிட்டது.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. அறிவிக்காத மாற்றத்துடன் விபத்தில் சிக்கினால், சொந்தச் சேதத்துக்கான இழப்பீட்டை நிறுவனம் மறுக்க இடமிருக்கிறது. அறிவிப்பதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். மட்டாஞ்சேரியிலும் கோவையிலும் காரை முறுக்கிவிட்டவர் எவரானாலும், விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடுவதற்கு அதுவே காரணம்.