த/பெ இல்லையென்றால் க/பெ ஆகிவிடுமா?



இலுப்பூரில் நடக்கவிருக்கும் நம் சந்திப்புக்கான அழைப்பிதழ் உறைகளில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது. தாயார் தனியாக வளர்த்து ஆளாக்கிய ஒரு மாணவி, படிவத்தில் தாயார் பெயரைத்தான் கொடுத்திருந்தாள். உறையில் 'க/பெ' என்று போட்டு அந்த அம்மாவின் பெயர்! பெற்றவளைக் கணவராக்கிவிட்டோம். அச்சுக்கு முன் சரிபார்த்தவன் நான்தான். நாற்பது வருடம் விடைத்தாள் திருத்திய கண்ணுக்கு அது படவில்லை.

பட்டியலை எக்ஸ்எம்எல் கோப்பாக வைத்து, எக்ஸ்எஸ்எல்டி மூலம் உறை முகவரியாக மாற்றிக் கொடுத்தவரும் நம் மாணவர்தான். அவரை உட்கார வைத்துக் கேட்டேன். 1999-ல் வந்த மொழியாம் அது. அதில் 'இஃப்' உண்டு, 'எல்ஸ்' கிடையாது. பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க 'சூஸ்' போட வேண்டும். அதற்குள் 'வென்' என்று நிபந்தனைகளை வரிசையாக எழுதினால், மேலிருந்து பார்த்து முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். எதுவுமே பொருந்தாதவர்களுக்குக் கடைசியில் 'அதர்வைஸ்'. இவர் எழுதியது: உறவு 'தந்தை' என்றால் த/பெ; அதர்வைஸ், க/பெ.

"அதர்வைஸை எடுத்துவிடட்டுமா ஐயா?" என்றார். எடுக்கலாம், அது கட்டாயமில்லை. ஆனால் அப்போது அந்த இடம் வெறுமையாக அச்சாகும், பிழை என்றும் சொல்லாது. தவறாக எழுதுவதைவிட ஒருத்தியைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவது மேல் என்று நான் நினைக்கவில்லை.

வகுப்பில் புறனடை நடத்தியது நினைவிருக்கிறதா? (கடைசி பெஞ்சுக்காரர்களைக் கேட்கவில்லை.) தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தை முடிக்கும்போது, சொன்ன விதிகளுக்கு மாறாக வருவனவற்றை வழக்கைப் பார்த்து, நல்லறிவோடு உணர்ந்து நடத்தச் சொல்கிறார். மிச்சமெல்லாம் இன்னதுதான் என்று அவர் தீர்த்துவிடவில்லை. இந்த நிரலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. தந்தை, தாய், கணவர், காப்பாளர் என்று தெரிந்ததையெல்லாம் தனித்தனி 'வென்' ஆக எழுதட்டும். 'அதர்வைஸ்' ஊகம் செய்யாமல், "இந்தப் பெயரை ஒருவர் பார்க்கவும்" என்று செய்தி காட்டட்டும். அதற்கென்றே 'மெசேஜ்' என்று ஒன்று அந்த மொழியிலேயே இருக்கிறதாம்.

அப்படியே மாற்றி ஓட்டினார். மூன்று பெயர்களுக்குச் செய்தி வந்தது. அதில் ஒருவர் தாத்தா வீட்டில் வளர்ந்தவர். அவருக்கும் முன்பு 'க/பெ' என்றுதான் அச்சாகியிருந்தது, ஆண்பிள்ளைக்கு!

அந்த மாணவி வீட்டுக்குப் புது உறையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா வாங்கி, தன் பெயரை விரலால் தடவிப் படித்தார்கள். மற்ற இருவரும் இன்பாக்ஸில் முகவரி அனுப்புங்கள்.