பூங்கொத்தா, பூச்சாடியா?

சென்ற ஆண்டு என் அக்காவின் பட்டமளிப்பு விழா. மண்டபத்துக்கு வெளியே வரிசையாகப் பூக்கடைகள். அம்மா பேரம் பேசி 35 வெள்ளிக்கு ஒரு பூங்கொத்து வாங்கினார். மூன்று ரோஜா, பளபளக்கும் நெகிழித்தாள், நடுவில் பட்டத்தொப்பி அணிந்த கரடிப் பொம்மை. நான்காம் நாள் ரோஜாக்கள் குப்பைக்குப் போயின. கரடி மட்டும் இன்னும் குளிர்பதனப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருக்கிறது.

இதைச் சொன்னால் கஞ்சன் என்பீர்கள். பரவாயில்லை. பூவே கொடுக்கக் கூடாது என்பதல்ல என் கட்சி. வேரோடு கொடுக்கலாமே என்கிறேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் ரொட்டி டின்னும் குளிர்பானப் பெட்டியும் தூக்கிச் செல்லும் நாம், ஒரு மல்லிகைக் கன்றைக் கொண்டு செல்ல ஏன் கூச்சப்படுகிறோம்? முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியைத் தமிழ்ப்பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள்தாமே நாம்!

நான் வளர்ந்த தண்ணீர்மலையில் பூவுக்குப் பஞ்சமில்லை. தைப்பூசத்தன்று மலைக்கோயிலின் 513 படிகளிலும் பூவாசம்தான். கொஞ்சம் தள்ளி நடந்தால், பழைய கருங்கல் சுரங்கம் இருந்த இடத்தில் 1884ஆம் ஆண்டு சார்ல்ஸ் கர்ட்டிஸ் உருவாக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்கா. அங்குள்ள நாகலிங்க மரத்தைக் கண்டால் என் பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்வார். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம் என்று நான் சொன்னபோது, "போடா, சிவலிங்கத்தை எவன்டா அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்தான்?" என்றார். மாலையில் கோக்கும் துலுக்கச் சாமந்திக்கும் பூர்வீகம் மெக்சிகோதான். யாரோ ஒருவர் கன்றையோ விதையையோ இன்னொருவர் கையில் கொடுத்திருக்கிறார். அப்படித்தான் அவை நம் பூக்களாயின.

பாட்டி முன்பு மலையடிவாரத்தில் பலகை வீடொன்றில் இருந்தார். வேலி ஓரமெல்லாம் செம்பருத்தி, நந்தியாவட்டை, கறிவேப்பிலை. எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் ஒரு கிளையாவது கைமாறும். (மணி பிளாண்டை மட்டும் கேட்டு வாங்கக் கூடாதாம், திருடினால்தான் தழைக்குமாம். பாட்டி அதையும் செய்திருக்கிறார்.) அடுக்குமாடிக்கு மாறியதும் அந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றது. இப்போது அண்டை வீட்டாரிடம் கொடுக்க அவரிடம் முறுக்கு மட்டுமே இருக்கிறது.

இந்தக் குறையைப் போக்கப் போய் நானே ஒரு தவறு செய்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, தீபாவளிக்கு முதல் நாள், பூத்துக் குலுங்கிய செவ்வந்திச் சாடி ஒன்றைப் பாட்டிக்கு வாங்கிக் கொடுத்தேன். கேமரன்மலைக் குளிரில் வளர்ந்த செடி அது. பதினோராவது மாடியின் வெப்பத்தில் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. பாட்டி என்னைத் திட்டவில்லை. "நல்ல நாளில் வந்தது இப்படிப் பட்டுப்போச்சே" என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். அவருக்கு அது செடி மட்டுமல்ல, சகுனம். உயிருள்ள பொருளைப் பரிசாகக் கொடுப்பதில் இந்த ஆபத்து உண்டு. கரடிப் பொம்மை செத்துப்போய் யாரையும் கலங்கவைப்பதில்லை.

ஆகவே பூத்திருக்கிறதா என்று பார்ப்பதைவிட, வாங்குபவர் வீட்டில் பிழைக்குமா என்று பார்ப்பதே முக்கியம். பினாங்கு வெயிலுக்குச் செம்பருத்தியும் மல்லிகையும் காகிதப்பூவும் தாங்கும். வெயிலே வராத வீட்டில் அவை பூக்கா. அரளி அழகுதான், ஆனால் நஞ்சு; குழந்தை இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். சாடியின் அடித்தட்டில் மணல் நிரப்பிக் கொடுங்கள். தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு பெருகினால் சுகாதார அதிகாரிகள் அபராதம் விதிப்பார்கள், அது பரிசாகாது!

தமிழ்நாட்டில் திருமண வீடுகளில் தாம்பூலப் பையோடு மரக்கன்று கொடுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. 2021இல் மறைந்த நடிகர் விவேக், அப்துல் கலாமின் தூண்டுதலால் இலட்சக்கணக்கில் மரம் நட்டவர். அவரைப் போன்றவர்கள் அதற்கு ஊக்கமாக இருந்தார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் ஐந்நூறு விருந்தினருக்கு ஐந்நூறு கன்று என்பதில் எனக்கு உடன்பாடில்லை. அடுக்குமாடியில் வாழ்பவர் வேப்பங்கன்றை எங்கே நடுவார்? நம் சீன அண்டை வீட்டார் பெருநாளுக்குச் சாடியில் வளர்த்த சிறு ஆரஞ்சுச் செடியைக் கொடுப்பார்கள். அதில் பொருள் உண்டு, அளவும் உண்டு. நமக்கும் அப்படி ஒரு செடி வேண்டும். என் ஓட்டு மல்லிகைக்கு. கடையில் வாங்கக்கூட வேண்டாம். பென்சில் நீளத்துக்கு முற்றிய தண்டை வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணலில் ஊன்றி நிழலில் வையுங்கள். வேர்விட ஒரு மாதம், சில வேளை இரண்டு மாதம் ஆகும். தீபாவளிக்குக் கொடுக்க நினைத்தால் ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுங்கள்.

நானும் தொடங்கிவிட்டேன். அத்தை வீட்டு மல்லிகையிலிருந்து ஆறு தண்டுகளை மைலோ டின்களில் ஊன்றியிருக்கிறேன். இரண்டு காய்ந்துவிட்டன. மிச்சம் நான்கில் ஒன்று அக்காவுக்கு, ஒன்று பாட்டிக்கு. பாட்டியிடம் இன்னும் சொல்லவில்லை; இம்முறை புதுத்துளிர் வந்த பிறகுதான் கொண்டு போவேன்.