மகத்தான கலை எங்கே பிறக்கிறது?

ஒரு படைப்பு எதனால் மகத்தான கலையாகிறது? மன்னர் ஆதரவாலா? பண்டிதர் புகழ்ச்சியாலா? ஸ்ரீவில்லிபுத்தூரைக் கேளுங்கள்.

ஆண்டாளின் திருப்பாவை 30 பாசுரங்களே. அது பக்தி நூல், நாம் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு உயிர் தந்தது எது? தயிர் கடையும் ஓசை, விடியலில் மேயப் போகும் எருமைகள், உறங்கும் தோழியை அழைத்து எழுப்பும் பெண்கள். உழைக்கும் ஆயர் மக்களின் அன்றாட வாழ்க்கை!

அரசவை அவளைத் தேடி வந்தது பல நூற்றாண்டுகளுக்குப் பின். 16-ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் அவள் கதையைத் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' என்னும் காவியமாக்கினார். அதைத் தமிழாக்கியவர் அடுத்த ஊரான ராஜபாளையத்து மு.கு. ஜகந்நாத ராஜா. 1989-இல் அதற்குச் சாகித்ய அகாதமியின் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. மொழி மாறியும், அரசு மாறியும் அவள் குரல் அழியவில்லை.

இன்று ராஜபாளையத்தில் பெண்கள் விடியலில் எழுந்து நூற்பாலைக்குப் போகிறார்கள். அவர்கள் வாழ்வை எழுத முன்வரும் இளம் தோழர்களுக்கு ஒன்று சொல்வோம்: கோஷம் மட்டும் கலையாகிவிடாது. கதிர்களின் இரைச்சலும் பஞ்சுத் தூசியும் பக்கத்துத் தோழியின் சிரிப்பும் எழுத்தில் இருக்க வேண்டும். படித்த தொழிலாளி, "இது எங்கள் வாழ்க்கை" என்று சொல்லட்டும். அந்தப் படைப்பே நிலைக்கும்.